ஜன்னலோரப் பின் சீட்

"அந்தம்மா ஏன் மாஸ்டர் வண்டிய எடுக்க வரவே மாட்டேங்கறாங்க?"

ஆறுக்குட்டி இதைக் கேட்டபோது மைமூன் ஒரு பஸ் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

உக்கடம் பக்கம் கார் சீட் தைக்கிற பட்டறை அது. மைமூன்தான் மாஸ்டர். ஆறுக்குட்டி சீடர். சீடருக்கு வயது அறுபதை நெருங்குகிறது, குருவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. ஆறுக்குட்டி மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். பழைய கார் என்றால் உயிர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் இங்கே வந்து ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். அவர் மைமூனை மாஸ்டர் என்பார். மைமூன் அவரை அண்ணா என்பார். அதில் இரண்டு பேருக்கும் ஒரு கூச்சமும் கிடையாது.

கேள்வி நியாயமானதுதான். பட்டறை மூலையில் துணி போர்த்தி நிற்கிறது ஒரு பழைய மோரிஸ் மைனர் கார். கிணத்துக்கடவு திலகமணி அம்மாளுடைய வண்டி. வேலை முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது.

அந்த அம்மா ஒரு மத்தியானம் வந்தார். பின் கதவைத் திறந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். நல்லா இருக்குங்க என்றார். கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவ்வளவுதான். போன் செய்தால், வர்றேங்க என்கிறார். வருவதில்லை.

ஆறுக்குட்டிக்குப் பொறுக்கவில்லை. இருக்காதா பின்னே? தனியாக அவர் செய்த முதல் வண்டி அது. மைமூன் தன் மகளின் பிரசவத்துக்காகப் பாலக்காடு போயிருந்த சமயம். யார் துணையும் இல்லாமல் செய்தார்.

என்னென்ன செய்தார் என்று இப்போது மறுபடியும் ஒப்பிக்க ஆரம்பித்தார். மைமூன் இதை ஏற்கெனவே கேட்டிருக்கிறார். என்றாலும் கேட்டுக்கொண்டார்.

வண்டி வரும்போது சீட்டெல்லாம் கறுப்பு ரெக்ஸின். எப்போதோ யாரோ மேலே போர்த்தித் தைத்தது. எலி கடித்து அங்கங்கே நார்நாராகக் கிடந்தது. ரெக்ஸினுக்கு அடியில் அந்தக் காலத்துச் சிவப்புத் தோல் இருப்பதை ஆறுக்குட்டி கண்டுபிடித்தார். அப்புறம் மனுஷனைப் பிடிக்க முடியுமா? சீட்டுக்கு அடியில் மடித்து ஆணியடித்த ஓரத்தில் வெயிலே பட்டிருக்காது, அசல் நிறம் அங்கேதான் இருக்கும். அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு ஆம்பூருக்குப் பஸ் ஏறினார். தோல் பதனிடுகிறவர்கள் காட்டிய சிவப்பெல்லாம் இது இல்லை, இது இல்லை என்று திருப்பித் தள்ளினார். அதே சிவப்பு வரும்வரை விடவில்லை.

உள்ளே ஃபோம் வைத்தால் சுளுவாக முடியும். வைக்கவில்லை. பழையபடி ஸ்பிரிங்கும் தேங்காய் நாரும்தான். நைலான் நூல் கூடாது என்று பருத்தி நூலைத் தேடி மெழுகு பூசித் தைத்தார். கம்பெனியில் இருந்து இறங்கிய அன்றைக்கு அந்த வண்டி எப்படி இருந்திருக்குமோ, அப்படி.

"ஒரு தையல் தப்பு சொல்லட்டும் பாக்கலாம்" என்றார் ஆறுக்குட்டி.

மைமூன் ஆணி பிடுங்கிய குறட்டைக் கீழே வைத்தார். எழுந்து போய் மோரிஸின் மேலிருந்த துணியை இழுத்தார். பின் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

ஆறுக்குட்டி உட்கார்ந்தார். நுனியில். வேட்டியில் அழுக்கு இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"சாஞ்சு உக்காருங்கண்ணா."

அவர் சாயவில்லை. தோலில் மடிப்பு விழுந்துவிடும் என்றார்.

மைமூன் கேட்டார்.

"பிரிக்கறதுக்கு முன்னாடி அந்தம்மா வந்து உக்காந்தாங்களா?"

ஆறுக்குட்டிக்கு முகம் விழுந்துவிட்டது.

அது அந்தப் பட்டறையின் வழக்கம். சீட்டைப் பிரிப்பதற்கு முன்னால் வண்டிக்காரர்கள் வந்து ஒருமுறை அதில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். அப்புறம்தான் கத்தி. சொகுசுக் கார் ஆனாலும் சரி, மீன் வண்டி ஆனாலும் சரி. ஏன் என்று மைமூன் யாருக்கும் விளக்கியது கிடையாது. ஆறுக்குட்டி இதைச் சகுனம் பார்ப்பது போல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டரும் அப்போது ஊரில் இல்லை. கைக்கு அரிப்பு. அந்த அம்மா அனுப்பிய டிரைவர் வண்டியை விட்டுவிட்டுப் போன அன்றைக்கே பிரித்துவிட்டார்.

அந்த அம்மா என்ன சொல்லி அனுப்பினார் என்று மைமூன் கேட்டார்.

எலி கடித்த இடத்தை மட்டும் தைத்துக் கொடுத்தால் போதும் என்றுதான் போனில் சொன்னாராம். இவர்தான், அதெல்லாம் எதற்கு, அசலாகவே மாற்றித் தருகிறேன் என்றாராம். அந்த அம்மா கொஞ்சம் தயங்கி, செரீங்க, உங்களுக்குத் தெரியாததா என்றாராம்.

"பழசு இருக்குதுங்களா?"

இல்லை. பழைய உறையைத் தையல் பிரித்து, புதுத் தோல்மேல் விரித்து, அளவு வரைந்துகொண்டார். வேலை முடிந்ததும் நாரோடு சேர்த்துப் போட்டுக் கொளுத்திவிட்டார்.

மைமூன் கதவைச் சாத்தினார். "போய்க் கேட்டுட்டு வாங்கண்ணா. கதவத் தொறந்து எதத் தேடுனாங்கன்னு கேளுங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க."

ஆறுக்குட்டி கிணத்துக்கடவு போனார்.

திலகமணி அம்மாள் உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். வண்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆறுக்குட்டி மாஸ்டர் சொன்னபடியே கேட்டார்.

அந்த அம்மா சொன்னார்.

பின் சீட்டில் ஜன்னலோரம் ஒரு ஓட்டை இருந்தது. அவர் பையன் நந்து தோண்டியது. பொள்ளாச்சி போகிறபோதும் கோயமுத்தூர் வருகிறபோதும் அந்த இடத்தில்தான் உட்காருவான். உட்கார்ந்ததும் விரலை விட்டு நோண்ட ஆரம்பித்துவிடுவான். ரெக்ஸின் போய், உள்ளே இருந்த தோலும் போய், நாரை உருவி உருவி வெளியே போடுவான். ஒவ்வொரு தடவையும் இவர் திட்டுவார். கையில் அடிப்பார். அப்பா பார்த்தா கொன்னுடுவாரு என்று மிரட்டுவார். கையை எடுப்பான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் விரல் அங்கே போயிருக்கும்.

ஐந்தாவது படிக்கும்போது மூளைக் காய்ச்சலில் போய்விட்டான்.

"அதுக்கப்புறம் நான் முன் சீட்ல உக்காந்ததே இல்லீங்க. பின்னாடி அங்கதான். வெரல அதுக்குள்ள விட்டுக்கிட்டே வருவேன். அவரு கண்ணாடியில பாப்பாரு, ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு. அவரும் போனதுக்கப்புறம் வண்டிய ஓட்டறதில்ல. ஷெட்ல போய் உக்காந்துட்டு வருவேன்."

அந்த ஓட்டையை ஆறுக்குட்டிக்குத் தெரியும். தெரியுமாவது! அந்த ஓட்டையின் ஓரத்தில்தான் ரெக்ஸினுக்கு அடியிலிருந்த சிவப்புத் தோல் அவர் கண்ணில் பட்டது. சந்தோஷத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, குனிந்து பார்க்கச் சொன்னார். அத்தனை பேரிடமும் காட்டியவர் வண்டிக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏனுங்க நீங்க அன்னைக்கே சொல்லல?" என்றார்.

"என்னன்னு சொல்றதுங்க? ஓட்டைய விட்டுட்டுத் தைங்கன்னா சிரிக்க மாட்டாங்களா? எலி கடிச்சது முன் சீட்டுத்தான், அத மட்டும் பாப்பீங்கன்னு நெனச்சுட்டேன். நீங்க மாத்தறேன்னு சொன்னப்போவாவது வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல. உங்க மேல தப்பில்லீங்க."

தப்பு உங்கள் மேல்தான் என்று நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது ஆறுக்குட்டிக்கு.

வாசல்வரை வந்து வழியனுப்பினார் அந்த அம்மா. வேலை ரொம்ப நேர்த்தி என்றார். பழைய கார் சேர்க்கிறவர்கள் யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்றார்.

பட்டறைக்கு வந்த ஆறுக்குட்டி நேராகப் போய்த் தோல் வெட்டுகிற கத்தியை எடுத்தார். மோரிஸின் பின் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். இப்போது நுனியில் இல்லை, நன்றாக மண்டி போட்டு ஏறினார். ஜன்னலோரம், ஒரு குழந்தையின் கை எட்டுகிற இடத்தைத் தடவிப் பார்த்தார். இடம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அளவும்தான்.

மைமூன் வந்து கதவோரம் நின்றார். ஆறுக்குட்டி நடந்ததைச் சொன்னார். சொல்லும்போதே அழுதார். அறுபது வயது ஆண்பிள்ளை காருக்குள் மண்டி போட்டு அழுவதைப் பார்த்து, பஸ் சீட்டைத் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மைமூனுக்கும் கண் கலங்கியது. நான் ஊரில் இருந்திருக்க வேண்டும் என்றார்.

"இப்ப ஒண்ணும் கெட்டுப் போகல மாஸ்டர். இங்கயே வெட்டிடறேன். உள்ள அதே நார்தான் இருக்குது. ஓரத்தக் கொஞ்சம் பிச்சு விட்டுட்டா அச்சு அசல் அப்படியே வந்துரும். அந்தம்மாவ வந்து பாக்கச் சொல்றேன்."

கத்தி முனையைத் தோலின் மேல் வைத்தார்.

மைமூன் தடுக்கவில்லை. கத்தியையும் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்.

"வெட்டுங்கண்ணா. அதத் தோண்டறதுக்கு யாரைக் கூட்டிட்டு வரப் போறீங்க?"