இரண்டு டம்ளர், ஒரு விண்கலம்

செவ்வாயைத் தாண்டிய விண்கலத்தில் ஆன்டெனா விரியவில்லை. அதன் கம்பி வளையத்துக்குள் இறுகிவிட்டது. "சாயங்காலத்துக்குள்ள வழி சொல்லலைன்னா ஒருத்தருக்கும் வேலை இருக்காது!" என்று இன்ஜினியர்களிடம் குதித்தார் இயக்குநர் மார்த்தாண்டன்.

"வளையத்துக்கு வெயில் காட்டுங்க சார், கழண்டுக்கும்" என்றாள் கேன்டீன் செங்கமலம்.

"நீ காபியை மட்டும் ஊத்து!"

ஒன்றுக்குள் ஒன்று இறுகிய இரண்டு டம்ளர்களை நீட்டினாள். அவர் இழுத்தார், தட்டினார், வியர்த்தார். அவள் உள்ளே ஐஸ் தண்ணீர் ஊற்றி, வெளியே வெந்நீர் விட்டாள். பிரிந்தன. இன்ஜினியர்கள் உடனே விண்கலத்தை வெயிலுக்குத் திருப்பினார்கள், ஆன்டெனா விரிந்தது.

"எல்லாம் என் யோசனை" என்றார் நிருபர்களிடம் மார்த்தாண்டன்.

செங்கமலம் இன்னொரு இறுகிய ஜோடியை மேஜையில் வைத்தாள். "இதையும் பிரிச்சுக் காட்டுங்க சார்."

அவர் உள்ளே வெந்நீர் ஊற்றி, வெளியே ஐஸ் தண்ணீர் விட்டார். டம்ளர்கள் இன்னும் இறுகின.

"நல்லவேளை" என்றாள் செங்கமலம், "விண்கலம் சார் கைக்கு எட்டாத தூரத்துல இருக்கு."