அர்ச்சுனருக்குப் பசிக்கிறது

"பசியைக் கொல்ற மாதிரி ஏதாவது ஒரு வழி சொல்லுங்கம்மா. மந்திரமோ மூலிகையோ, எதுவா இருந்தாலும் சரி."

கேட்டவர் இருசப்பன். தையல்காரர். வயது ஐம்பத்திரண்டு, எடை தொண்ணூற்றேழு கிலோ. மடத்து வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வாசலுக்கு மூன்றே படிகள்தான்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் சாமியம்மா. மலையடிவாரத்தில் அந்தச் சின்ன மடத்தைத் தனியாளாக நடத்துகிறவர். இருசப்பனைவிடப் பத்து வயது இளையவர். அப்போது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். உபதேசம் கேட்டு வருகிறவர்கள் கையிலும் ஒரு கொத்தைக் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். இருசப்பனுக்கும் ஒரு கொத்து கிடைத்தது.

"அதை எதுக்குக் கொல்லணும்?" என்று கேட்டார்.

இருசப்பன் கீரையை உருவிக்கொண்டே தன் கதையைச் சொன்னார்.

தையல் அவருக்குப் பிழைப்பு. கூத்துதான் உயிர். ஊர்த் திரௌபதை அம்மன் திருவிழாவில் இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் அர்ச்சுனன். சிவனிடம் அஸ்திரம் வாங்க அர்ச்சுனன் தவத்துக்குப் போகும் நாளில், ஊர் நடுவே ஒரு பனைமரத்தை நட்டு, ஏறுவதற்கு முளை அடித்து, உச்சியில் பரண் கட்டுவார்கள். அதுதான் தபசு மரம். முளைக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே அர்ச்சுனன் ஏறுவார். உச்சியில் நின்று எலுமிச்சம்பழமும் வாழைப்பழமும் வீசுவார். பிள்ளை இல்லாத பெண்கள் கீழே முந்தானையை விரித்து ஏந்திக்கொள்வார்கள்.

போன வருஷம் ஏறும்போது மேலிருந்து மூன்றாவது முளை முறிந்துவிட்டது. இருசப்பன் அந்தரத்தில் தொங்கினார். ஊரே ஐயோ அம்மா என்றது. மரம் நட்ட ஆசாரி வந்து பார்த்துவிட்டு, முளையில் ஒரு குறையும் இல்லை, குறை அர்ச்சுனனிடம்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தான் பெருத்துக்கொண்டே வந்தது இருசப்பனுக்குத் தெரியவே தெரியாது. தையல்காரர் அல்லவா. அர்ச்சுனன் உடுப்பை வருஷா வருஷம் அவரே பிரித்து, அவரே துணி விட்டுத் தைத்துக்கொள்வார். உடுப்பு எப்போதும் கச்சிதமாக இருந்தது.

கோயில் தர்மகர்த்தா கறாராகச் சொல்லிவிட்டார். அர்ச்சுனன் மரத்திலிருந்து விழுந்தால் ஊருக்கு ஆகாது. பங்குனியில் காப்புக் கட்டுகிற அன்றைக்கு இருசப்பன் அரிசி ஆலைத் தராசில் ஏறி நிற்க வேண்டும். எண்பத்தேழுக்கு மேல் போனால் வேஷம் கன்னியப்பனுக்கு.

கன்னியப்பன் அதே கூத்து ஜமாவில் கட்டியங்காரன், அதாவது கோமாளி. ஆள் ஐம்பது கிலோ இருப்பார், மழையில் நனைந்தால்.

"அவன் மேல நிக்கிறதை நான் கீழ நின்னு பார்க்கணுமாம்மா?" என்று கேட்டபோது இருசப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாமியம்மா அவர் அழுது முடிக்கும் வரை கீரையை உருவினார். பிறகு கேட்டார்.

"பசி வந்தா என்ன ஆகும்?"

"வயிறு கபகபன்னு எரியும்."

"அப்புறம்?"

"காது அடைக்கும்."

"அப்புறம்?"

"கோவம் வரும். வூட்டுக்காரியைத் திட்டுவேன்."

"அப்புறம்?"

இருசப்பன் யோசித்தார். நன்றாகவே யோசித்தார்.

"அப்புறம் என்னான்னு தெரியாதும்மா. அதுக்குள்ள சாப்ட்டுடுவேன்."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க அர்ச்சுனரே" என்று சொல்லிவிட்டு சாமியம்மா உலை வைக்க எழுந்து போனார்.

*

விரதம்தான் வழி என்று இருசப்பன் முடிவு கட்டினார். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம் என்று ஒன்றையும் விடவில்லை.

விரதமென்றால் சோறு கூடாது. பலகாரம் சாப்பிடலாம். புருஷன் பட்டினி கிடக்கிறாரே என்று அவர் மனைவி பவுனாம்பாளுக்கு மனசு கேட்கவில்லை. காலையில் நெய் விட்ட ரவை உப்புமா. மத்தியானம் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். சாயங்காலம் சாமிக்குப் படைத்த வடை, சுண்டல், பாயசம். ராத்திரி ஏழெட்டு தோசை, அதுவும் வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாதே என்றுதான். சோற்றுப் பருக்கை ஒன்றுகூட அவர் வாயில் படவில்லை. அந்த விஷயத்தில் இருசப்பன் சுத்தமான மனுஷன்.

ஒரு மாதம் கழித்துத் தராசில் ஏறினார். தொண்ணூற்றெட்டரை காட்டியது.

மடத்துக்கு ஓடினார். விரதம் இருந்தும் ஊதுகிறதே, இது என்ன அநியாயம், சாமிக்குக் கண் இல்லையா என்று மூச்சு விடாமல் கேட்டார். என்னென்ன சாப்பிட்டார் என்று சாமியம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பாயசத்தில் முந்திரி போட்டார்களா என்றுகூட விசாரித்தார்.

"சரி. பசி வந்துச்சா?"

"எங்கம்மா வருது? வர்றதுக்கு நேரமே இல்லையே."

"வராததுக்கா இவ்வளவு பலகாரம் பண்ணி வெச்சீங்க?"

இருசப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. விருட்டென்று எழுந்து போனார்.

*

ரோஷம் இரண்டு நாள் தாங்கியது. அந்த இரண்டு நாளும் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. பவுனாம்பாள் அழுதாள், கெஞ்சினாள், தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். மனுஷன் அசையவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒத்திகையில் பாசுபதாஸ்திரம் கேட்கிற இடத்தில் தலை சுற்றி விழுந்தார். நல்லவேளை, தரையில் விழவில்லை. ஆர்மோனியத்தின் மேல் விழுந்தார். ஆர்மோனியம் அன்றோடு சரி.

மறுநாள் காலை அவரை ஆட்டோவில் ஏற்றி மடத்துக்குக் கொண்டுவந்தவர் கன்னியப்பன்தான். வழியெல்லாம் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. இருசப்பனுக்கு அதுதான் தாங்கவில்லை.

சாமியம்மா ஒன்றும் கேட்காமல் இலை போட்டார். சோறு, கீரைக்குழம்பு, மோர். இருசப்பன் முதல் உருண்டையை மெல்லாமலே விழுங்கினார். இரண்டாம் முறை சோறு கேட்டார், போட்டார். மூன்றாம் முறை கேட்டபோது சாமியம்மா அவர் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். இருசப்பன் இலையை மடித்துவிட்டார்.

"பசியைப் பார்த்துட்டேன்மா" என்றார் மெதுவாக. "ரெண்டு நாளா பார்த்தேன்."

"அது பசி இல்லை அர்ச்சுனரே. வீம்பு."

இந்த முறை சாமியம்மா கோபமாகத்தான் பேசினார். மூன்று வேளையும் மனுஷன் சாப்பிடுகிற மாதிரி அளவாகச் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் மடத்துப் பக்கமே வரக் கூடாது என்றார். தான் தெரிந்துகொண்டு வரச் சொன்னது ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் வருகிறதைப் பற்றித்தான் என்றார். சொல்லிவிட்டு கன்னியப்பனுக்கு இலை போட்டார். அவர் நாலு முறை வாங்கிச் சாப்பிட்டார். இருசப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

*

பசி நாலு மணிக்கு வந்தது.

இருசப்பனின் தையல்கடைக்கு நேர் எதிரே டீக்கடை. நாலு மணிக்கு அங்கே வாழைக்காய் பஜ்ஜி போடுவார்கள். முதல் ஈடு எண்ணெயில் இறங்கும் சத்தம் கடைக்குள் கேட்கும். அவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தார்.

வயிறு எரிந்தது. காது அடைத்தது. கோபமும் வந்தது, ஆனால் திட்டுவதற்குப் பக்கத்தில் பவுனாம்பாள் இல்லை. இதற்கு மேல் என்ன வரும் என்று தெரியாமல் தையல் மிஷினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நிஜமாகவே பயமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வருஷத்தில் இந்த இடத்துக்கு அவர் வந்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் ஜாக்கெட்டோடு ஓடி வந்தாள். நாளைக்குக் காலையில் தங்கைக்கு வளைகாப்பு, அக்குள் பிடிக்கிறது, கை ஏறவே இல்லை, எப்படியாவது சரி பண்ணிக் கொடுங்கள் என்று நின்றாள். இருசப்பன் இரண்டு கையையும் பிரித்து, உள்ளே மடிந்திருந்த துணியை விட்டு, மறுபடி பொருத்தி, கொக்கி மாற்றி, இஸ்திரி போட்டுக் கொடுத்தார். அவள் போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள்.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். திடுக்கிட்டுப் போனார்.

கடையைச் சாத்தினார். மொபெட்டை எடுத்தார். மடத்துக்குப் போய்த்தான் நிறுத்தினார்.

"காணோம்மா."

"என்ன காணோம்?"

"பசி. எதிர்லதான் இருந்துச்சு. ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெச்சிட்டுத் திரும்பிப் பார்க்கறேன், இல்லை."

சாமியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இருசப்பனும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"திரும்ப வந்துடுச்சும்மா."

"சரி."

"இப்ப என்ன பண்றது?"

"அந்த விறகை எடுத்து அடுக்குங்க. மழை வர மாதிரி இருக்கு."

இருசப்பன் பசியோடு விறகு அடுக்கினார். பாதி அடுக்கியபோது ஒரு சந்தேகம் வந்து, ஒரு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வந்து கேட்டார்.

"இது ஒரேயடியா வராம இருக்க வழியே கிடையாதாம்மா?"

"ஏன் இல்லாம? செத்தா வராது."

இருசப்பன் திரும்பிப் போய் மீதி விறகையும் அடுக்கினார்.

*

அதற்குப் பிறகு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் நாலு மணிக்குப் பசி வரும். இவர் தைப்பார். அது போகும், மறுபடி வரும். சில நாள் பஜ்ஜி ஜெயித்தது. அன்றைக்கு மடத்துப் பக்கம் போக மாட்டார், மறுநாள் மறுபடி உட்கார்ந்துவிடுவார். பவுனாம்பாள்தான் வடைச் சட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் பக்கத்து வீடுகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கப் போய்விட்டாள்.

காப்புக் கட்டுகிற அன்றைக்கு அரிசி ஆலையில் ஊரே கூடியது. இருசப்பன் தராசில் ஏறினார். எண்பத்தாறே முக்கால்.

தர்மகர்த்தாவுக்கு நம்பிக்கை வரவில்லை. தராசு கெட்டுவிட்டதோ என்று ஐம்பது கிலோ மூட்டை ஒன்றைத் தூக்கி வைக்கச் சொன்னார். ஐம்பது காட்டியது. அதற்கும் சமாதானமாகாமல் கன்னியப்பனை ஏற்றினார். நாற்பத்தெட்டு காட்டியது. கூட்டம் சிரித்துவிட்டது. கன்னியப்பன்தான் தராசைக் குறை சொல்லிக்கொண்டே இறங்கினார்.

தர்மகர்த்தா மஞ்சள் காப்பை எடுத்து இருசப்பன் கையில் கட்டினார்.

*

தபசு நாள். வெயில் தாழ்ந்துவிட்டது. மேளம் அடித்தார்கள்.

இருசப்பன் விடிந்ததிலிருந்து சாப்பிடவில்லை. தபசு ஏறுகிறவர் இறங்கும் வரை சாப்பிடக் கூடாது என்பது கோயில் கட்டு. முளைக்கு ஒரு பாட்டாக ஏறினார். மேலிருந்து மூன்றாவது முளையில் கால் வைத்தபோது ஊர் மூச்சைப் பிடித்தது. முளை சும்மா இருந்தது. பரணில் ஏறி நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் அர்ச்சுனனின் தோள்பையில் இரண்டு சீப்பு வாழைப்பழம் மேலே போகும். கீழே ஐந்தாறு வந்தால் அதிகம். மீதி சிவனுக்குப் போய்விட்டது என்று ஊர் நம்பியது. தோல் எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. தோலைப் பொறுக்கி மறைக்கிற வேலையைக் கட்டியங்காரன் கன்னியப்பன் இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டிருந்தார்.

இந்த வருஷம் பழம் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. பெண்கள் முந்தானையில் ஏந்தினார்கள். ஏந்தியவர்களுக்கே இரண்டாம் பழமும் கிடைத்தது. பத்து, பதினைந்து, இருபது. சிவனுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு கிழவர் கவலைப்பட்டார். கன்னியப்பன் கீழே தோலைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு அண்ணாந்தார். பை காலியாகத் தொங்கியது.

கட்டியங்காரனுக்கு எந்த இடத்திலும் எதையும் கேட்க உரிமை உண்டு. வருஷா வருஷம் கேட்பதை இப்போதும் கேட்டார்.

"அர்ச்சுன மகாராசா, பசிக்குதா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிறகு அடங்கிவிட்டது. சிவனை நினைத்தவனுக்குப் பசி ஏது என்று அர்ச்சுனன் பதில் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமும் வாயில் பழத்தோடு அதைத்தான் இருசப்பன் சொல்லிவந்தார்.

"பசிக்குது" என்றார் மேலேயிருந்து.

மேளக்காரர் கை நின்றுவிட்டது. இப்படி ஒரு பதிலுக்குக் கன்னியப்பனிடம் வசனம் இல்லை.

"அப்ப எறங்கி வர்றீங்களா மகாராசா?" என்றார் கொஞ்சம் பயந்த குரலில்.

"இன்னும் நாலு பாட்டு இருக்கு."

இருசப்பன் பாட ஆரம்பித்தார்.

கூட்டத்தில் பெண்கள் பக்கம் சாமியம்மா உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவளுக்குத் தாங்கவில்லை. பாவம்மா அந்த மனுஷன், பசிக்குதாமே என்று சாமியம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பாட்டைக் கேளு" என்றார் சாமியம்மா.