செப்பின் வாயில் வடு

"இறுக்கிப் பிடிச்சா வடு விழுது. தளர விட்டாத் தெறிச்சு ஓடுது. ரெண்டுக்கும் நடுவுல வழி இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார் உலகநாதன்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். கோவையில் இரும்பு கடைந்தே தலை நரைத்தவர். மரச்செப்பு கடையும் ஆசை முற்றிப்போய், வேலையை உதறிவிட்டுக் காந்திமதியின் கடைசல் பட்டறைக்கு வந்து சேர்ந்திருந்தார். அவள் இவரைவிட வயதில் இளையவள். கற்க வந்தவர் அவளை அம்மா என்றார். கற்பிப்பவள் அவரை அண்ணாச்சி என்றாள். அதில் இருவருக்கும் சங்கடமில்லை.

செப்பை உள்ளும் புறமும் வழவழவென்று கடைந்துவிடுவார். குறை சொல்ல முடியாது. கடைசியில் அதைத் திருப்பி, வாய்ப்பக்கமாகப் பிடித்து, அடிப்பாகத்தைச் சீவ வேண்டும். அங்கேதான் வம்பு. கடைசல் இயந்திரத்தில் செப்பைப் பிடித்துச் சுழற்றும் மூன்று இரும்புத் தாடைகளும் கவ்விய இடத்தில் மூன்று வடு. துணி சுற்றிப் பார்த்தார். சைக்கிள் டியூபை வெட்டி வைத்துப் பார்த்தார். வடு கொஞ்சம் அகலமாக விழுந்ததுதான் மிச்சம்.

பழுதில்லாமல் மீந்தவை இரண்டே செப்புகள். அவற்றிலும் வடு விழுந்தால் மூட்டையைக் கட்டிவிடுவதென்று அவரே முடிவுசெய்திருந்தார்.

காந்திமதி அவருடைய மணிக்கட்டை அவரையே மூன்று விரல் நுனிகளால் பிடிக்கச் சொன்னாள். பிடித்தார். கையை முறுக்கச் சொன்னாள். வழுக்கியது. விடுவாரா மனிதர், அழுத்திப் பிடித்தார். நகம் பதிந்து தோல் சிவந்தது.

"இப்போ உள்ளங்கை முழுசாலயும் பிடிங்க."

பிடித்தார். முறுக்கினாலும் கை வழுக்கவில்லை. வலிக்கவும் இல்லை.

உலகநாதன் அந்த மூன்று தாடைகளையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கழிவு மரக் குவியலில் கைவிட்டு ஒரு கட்டையை எடுத்து அவற்றில் மாட்டினார்.

"கடிங்கடா. இதை நல்லாக் கடிங்க" என்று முணுமுணுத்தார்.

கட்டையின் முகத்தில் செப்பின் வாயளவுக்குக் குழி கடைந்தார். செப்பைக் கவிழ்த்து வைத்துக் கையால் அழுத்தினார். சுற்றிலும் ஒட்டி உட்கார்ந்தது. அடிப்பாகத்தைச் சீவி முடித்து, கட்டையை லேசாகத் தட்டினார். செப்பு உள்ளங்கையில் வந்து விழுந்தது.

வாயைத் தடவிப் பார்த்தார். வடு இல்லை.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இனி எத்தனை செப்பு வந்தாலும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று இரண்டாவதை எடுத்து அதே குழியில் வைத்தார்.

நுழையவில்லை. இதன் வாய் ஒரு மயிரிழை பெரிது.

அதனாலென்ன? பொருந்தாததை ராவிப் பொருத்துவது இரும்புப் பட்டறையில் அவர் நித்தம் செய்த வேலை. கை தானாகப் போய் அரத்தை எடுத்தது. மினுமினுக்கும் செப்பின் விளிம்பில் அதை வைத்தது.

"அண்ணாச்சி" என்றாள் காந்திமதி. "வேலை முடிஞ்சதும் விறகாப் போறது எது? செப்பா, கட்டையா?"

அரம் அப்படியே நின்றது.

உலகநாதன் செப்பைப் பத்திரமாக ஓரத்தில் வைத்தார். உளியை எடுத்துக்கொண்டு கட்டையின் பக்கம் திரும்பினார்.