தாண்டவமூர்த்தி அய்யாவின் கீபோர்டு

இப்போது எங்கள் பாசன ஆபீசில் எல்லாம் டச் ஸ்கிரீன், சத்தமே கிடையாது. அப்போதெல்லாம் மேலதிகாரி தாண்டவமூர்த்தி அய்யாவின் கீபோர்டு சடசடப்பது வாசல் வரை கேட்கும். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மெக்கானிக்கல் கீபோர்டு அது. எந்த ஃபைல் வந்தாலும் அவர் அடிப்பது 'ஆவன செய்யவும்' என்ற ஒரே வரி, பிறகு என்டர்; ஃபைல் ஹெட் கிளார்க்கின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அதிலும் தப்பு வரும், பழி கீபோர்டுக்கு.

ஒருநாள், ஒப்பந்த வேலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த முப்புடாதியைக் கூப்பிட்டார். அவனுடைய வேலை நீட்டிப்பு ஃபைலும் அய்யாவிடம்தான் கிடந்தது.

"நாளைக்கு நான் எந்தக் கீயைத் தட்டினாலும் இதுல தப்பு வரக் கூடாது. வந்தா வீட்டுக்குப் போயிரு."

"சரிங்கய்யா."

எந்தக் கீயைத் தட்டினால் என்ன வரவேண்டும் என்று சொல்லும், அந்தக் கீபோர்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் புரோகிராம் ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும் என்று செய்தவர்களே திறந்து வைத்தது. முப்புடாதி சாயங்காலமே மாற்றிவிட்டான்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் அய்யா ஒரு கீயைத் தட்டினார். 'ஆவன செய்யவும்' என்று வந்தது. வேறொன்றைத் தட்டினார். அதுவேதான்.

"என்னடா இது?"

"அய்யா வேற எதுவும் அடிச்சு நாங்க பார்த்ததில்லையே. எதுவும் தப்பா வருதாங்கய்யா?"

ஹெட் கிளார்க் ரெஜினா அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அய்யாவுக்குக் கோபம் தலைக்கேறியது. முப்புடாதியின் ஃபைலைத் திறந்து, 'நிராகரிக்கப்பட்டது' என்று அடிக்க முதல் கீயை ஓங்கித் தட்டினார். 'ஆவன செய்யவும்' என்று விழுந்தது. என்டரையும் முப்புடாதி கூடவே சேர்த்திருந்ததால், ஃபைல் நேரே ரெஜினா அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது.

அம்மா அப்போதே ஆவன செய்துவிட்டார். அவ்வளவு வேகமாக எங்கள் ஆபீசில் அதற்கப்புறம் ஒரு ஃபைலும் நகர்ந்ததில்லை.