டோருவுக்கு யார் டூப்

பிலோமினா மாஸ்டரிடம் சினிமாச் சண்டை கற்ற ஃபைட்டர்களில் கேள்வி கேட்கிறவன் வேந்தன் ஒருவன்தான். மற்றவர்களுக்குப் பயம். கேட்டால் மாஸ்டர் வாயால் பதில் சொல்ல மாட்டார், எதையாவது செய்ய வைப்பார். "உயரத்துல நின்னா கால் நடுங்குது மாஸ்டர், என்ன பண்றது?" என்று ஒருத்தன் முன்பு கேட்டான். அன்றிலிருந்து மற்றவர்கள் இடுப்பில் ரோப் மாட்டிவிடும் வேலை அவனுக்கு வந்தது. மாட்டி மாட்டி, தன் கால் நடுங்கியதையே அவன் மறந்துபோனான்.

மாஸ்டருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. கதாநாயகிகளுக்கு டூப் போட்டுக் கண்ணாடி உடைத்து, மாடியிலிருந்து குதித்து, முழங்கால் போன பிறகு சண்டை அமைக்க வந்தவர். சாலிகிராமத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடிதான் அவருடைய ரிகர்சல் ஹால். கீழே முகூர்த்தம் நடந்தால் மேளத்தில் ஒன்றும் கேட்காது. மேலே ரிகர்சல் நடந்தால் கீழே பந்தியில் தூசு விழும். இரண்டு தரப்பும் திட்டிக்கொள்ளும், அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஒரு வீடியோ கேமைப் படமாக எடுக்க வந்தார்கள். சண்டை கேம். இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள், ஒருத்தன் விழுகிறவரை அடித்துக்கொள்வார்கள், கதை அவ்வளவுதான். இதை இரண்டரை மணி நேரம் எப்படி இழுப்பது என்று டைரக்டருக்கே தெரியவில்லை. ஆனால் அதில் டோரு என்று ஒருத்தன் இருந்தான். இடது கையைச் சிவப்புத் துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, வலது கையாலும் காலாலும் மட்டும் சண்டை போடுகிறவன். ஏன் கட்டியிருக்கிறான் என்று கேமில் சொல்ல மாட்டார்கள். சொல்லாததாலேயே பையன்களுக்கு அவனைப் பிடித்தது.

வேந்தனுக்குச் சொந்தக்காரர்களைவிட டோரு நெருக்கம். வியாசர்பாடியில் ஒரு கேம் கடையில், பள்ளிக்கூடம் விட்ட நேரத்திலும் பள்ளிக்கூட நேரத்திலும், அவன் டோருவாகவே வளர்ந்தான். டோரு உதைத்ததால் உதைக்கக் கற்றான். உதைக்கத் தெரிந்ததால் ஃபைட்டர் ஆனான். படத்தில் டோருவாக வரும் ஹீரோவுக்குக் காலைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதனால் சண்டை முழுக்க டூப்தான். டோரு வாயையும் மூக்கையும் மூடிக் கட்டியிருப்பான். கண் மட்டும்தான் வெளியே தெரியும். அந்தக் கண்ணும் டூப்புடைய கண்தான்.

இந்தச் செய்தி வந்த அன்று வேந்தன் சரியாகச் சாப்பிடவில்லை. சந்தோஷம். தன்னைவிட்டால் வேறு யாரைப் போடுவார்கள்?

நிக்சனைப் போட்டார்கள்.

நிக்சன் ராயபுரத்துப் பையன். பாக்ஸிங்கிலிருந்து வந்தவன், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கேம் பக்கம் தலை வைத்தே படுத்ததில்லை. "டோருன்னா யாரு, சைனாக்காரனா?" என்று கேட்டவன் அவன். வேந்தனுக்கு, கடைசிச் சண்டையில் டோருவிடம் அடி வாங்குகிற முகமூடிக்காரன் வேஷம். முகமூடிக்கு உள்ளே யார் என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

மறைத்து என்ன ஆகப்போகிறது, வேந்தனுக்கு வயிறு எரிந்தது. நிக்சன் சிவப்புத் துணியைக் கசக்கிப் போட்டால், மரியாதை தெரியாதவன் என்று எரிந்தது. மடித்து வைத்தால், மடிக்க அவன் யார் என்று எரிந்தது.

ரிகர்சலில் நிக்சனின் இடது கை ஒவ்வொரு தடவையும் கட்டிலிருந்து உருவிக்கொண்டு முகத்துக்கு முன்னால் வந்து நின்றது.

"டேய், டோருவுக்கு லெஃப்ட் கெடயாதுடா," என்றான் வேந்தன்.

"எனக்குத் தெரியும் மச்சான், அதுக்குத் தெரியல," என்று நிக்சன் தன் கையைக் காட்டினான். "எதிர்ல நீ வர்றத பாத்தா தானா மேல வருது. பாக்ஸிங் புத்தி."

எல்லோரும் சிரித்தார்கள். வேந்தன் சிரிக்கவில்லை.

"நீ சொல்லிக் குடேன் மச்சான். டோருவோட ஜாதகமே உன் கைலதான் இருக்குன்னாங்க."

"ஜாதகம் பாத்தா சண்ட போடுவாங்க? போய் மாஸ்டர்கிட்ட கேளு."

மூத்த ஃபைட்டர் கோதண்டம் ஓரமாக உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். "விடு நிக்சா. பொண்ணப் பாத்து வச்சது அவன், தாலி கட்றது நீ. உனக்குப் பந்தி வேற பரிமாறணுமா அவன்?" என்றார். மறுபடியும் சிரித்தார்கள். வேந்தன் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

சினிமாச் சண்டையில் குத்து யார் மேலும் படாது. முகத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் போகும். வாங்குகிறவன் அதே நொடியில் தலையை உதற வேண்டும். உதறினால்தான் குத்து. கண் இமைக்கிற நேரம் தாமதித்தாலும் அது குத்து இல்லை, ஈ ஓட்டுவது.

வேந்தன் தாமதித்தான்.

ரொம்ப இல்லை. யாரும் கை நீட்டிக் குற்றம் சொல்ல முடியாத அளவுக்கு மட்டும். நிக்சனின் குத்து காற்றில் போய்த் திரும்பிய பிறகு வேந்தன் தலை திரும்பும். நிக்சன் உதைத்துக் காலை இறக்கும்போது வேந்தன் விழ ஆரம்பிப்பான். டைரக்டர் ஒரு நாள் வந்து நாற்காலி போட்டுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது.

"என்ன மாஸ்டர், டோரு அடிக்கிற மாதிரியே இல்லயே. கன்னத்தத் தடவிக் குடுக்குற மாதிரி இருக்கு."

"சாரி சார்," என்றான் நிக்சன். "என் மேலதான் தப்பு. வெயிட் எறங்கல."

"ஷூட்டிங் நெருங்கிடுச்சு தம்பி. இப்படியே போனா வேற ஆள்தான் பாக்கணும்."

நிக்சன் தலையாட்டினான். டைரக்டர் டீ குடிக்கக் கீழே போனதும் கண்ணாடி முன்னால் போய் நின்று, காற்றைக் குத்திக்கொண்டே இருந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. தப்பு எங்கே என்று அவன் தன் தோளில் தேடினான், இடுப்பில் தேடினான், குதிகாலில் தேடினான். வேந்தன் அதைப் பார்த்தான். இனித்தது. கொஞ்சம் அசிங்கமாகவும் இருந்தது, ஆனால் இனிப்பு ஜாஸ்தி.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்து, விழுகிறவர்களுக்காகப் போடும் மெத்தையின் கிழிசலைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். வேந்தன் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அவன்கிட்ட என்ன இருக்கு?"

"எவன்கிட்ட?"

"நிக்சன்கிட்ட. என்கிட்ட இல்லாதது அப்படி என்ன இருக்கு?"

மாஸ்டர் நூலைப் பல்லால் கடித்தார். "உனக்கு டோரு தெரியுமா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க மாஸ்டர்."

"முழிச்சுதான இருக்க. போ, துணியக் கட்டிக்கோ."

வேந்தன் நகரவில்லை. காதில் விழுந்தது சரிதானா என்று அவனுக்குச் சந்தேகம்.

"நிக்சா," என்று மாஸ்டர் கூப்பிட்டார். "இவன் டோரு. நீ வாங்கு."

"சரி மாஸ்டர்."

நிக்சன் தன் இடுப்பிலிருந்து சிவப்புத் துணியை அவிழ்த்தான். வேந்தனின் இடது கையை மடக்கி வைத்து, அவனே சுற்றிக் கட்டினான்.

"டைட்டா இருக்கா மச்சான்? ரத்தம் ஓடணும், பாத்துக்கோ."

நிக்சன் முகமூடியை மாட்டிக்கொண்டு எதிரே போய் நின்றான். டைரக்டர் டீ கிளாஸோடு மேலே வந்தார். மாஸ்டர் தன் போனை ஸ்டாண்டில் மாட்டி, ரெக்கார்டைத் தட்டினார்.

"ஸ்டார்ட்."

என்னதான் சொல்லுங்கள், வேந்தன் பிரமாதமாகத்தான் செய்தான். டோரு எப்படிக் குனிவானோ அப்படிக் குனிந்தான். எப்படிக் குதிகாலில் சுழல்வானோ அப்படிச் சுழன்றான். கட்டிய கை கட்டியபடியே இருந்தது. அவன் குத்து போகிற அதே நொடியில் நிக்சன் தலை பறந்தது. உதை போகிற நொடியில் நிக்சன் மொத்தமாகப் பறந்தான். மெத்தையில் விழுந்தான், மெத்தைக்கு வெளியே வெறும் தரையிலும் விழுந்தான். எழுந்து மறுபடி வந்தான், மறுபடி விழுந்தான். கடைசி உதைக்கு ஜன்னல் கட்டைவரை உருண்டு போய் முட்டினான். கீழே இருந்து யாரோ, "மேல என்னய்யா வீட்ட இடிக்கிறீங்களா?" என்று கத்தினார்கள்.

கோதண்டம் விசில் அடித்தார்.

டைரக்டர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "இதுதான் டோரு. இத்தன நாள் இவனுக்கு எதுக்கு மாஸ்டர் முகமூடி மாட்டி வச்சிருந்தீங்க? நாளைக்கு இவனையே போட்டுடுங்க."

"பாக்கலாம் சார்," என்றார் மாஸ்டர்.

டைரக்டர் போனார். நிக்சன் முழங்கையில் தோல் உரிந்து நின்றான். முகமூடியைக் கழற்றி, "செம உதை மச்சான்," என்று சொல்லிவிட்டு, காயத்தைக் கழுவக் குழாய்ப் பக்கம் போனான். அவனிடம் வருத்தம் இருக்கிறதா என்று வேந்தன் அவன் முகத்தைக் கவனித்துப் பார்த்தான். இருந்தது. வேந்தனுக்கு அதுவும் வேண்டித்தான் இருந்தது.

"வா," என்றார் மாஸ்டர். "கேட்டியே, பதில் வேணாமா?"

"அதான் கெடச்சிடுச்சே மாஸ்டர்."

"வா இங்க."

மாஸ்டர் போனை ஓடவிட்டார். வேந்தன் முதல் தடவை பார்த்தபோது தன் காலைப் பார்த்தான். அழகாக இருந்தது. சின்ன வயதில் திரைக்குள் பார்த்த கால் அது.

"கால விடு," என்றார் மாஸ்டர். இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கினார். "படத்துல உன் கண்ணு மட்டும்தான் தெரியும். அதப் பாரு."

வேந்தன் பார்த்தான்.

குத்து போனது. நிக்சன் தலை பறந்தது. அந்த நொடியில் வேந்தனின் கண் நிக்சனை விட்டுவிட்டு மேலே போனது. வலது பக்க மூலைக்கு. போய்விட்டு உடனே இறங்கியது. அடுத்தது உதை. கண் மேலே போனது, வலது மூலைக்கு. அடுத்த குத்து. மறுபடியும் மேலே. எதிரே ஒருத்தன் தரையில் உருள்கிறான். அடித்தவன் அவனைப் பார்க்கவே இல்லை.

"அங்க என்னடா இருக்கு? பல்லியா?"

வேந்தன் திரும்பி ஹாலின் அந்த மூலையைப் பார்த்தான். வெறும் சுவர். ஒன்றும் இல்லை. பிறகு அவனுக்குத் தெரிந்துவிட்டது. காது சூடானது.

"கேம்ல அங்க ஒரு கோடு இருக்கும் மாஸ்டர்."

"என்ன கோடு?"

"எதிராளியோட உயிர். பச்சையா நீளமா இருக்கும். அடிக்க அடிக்கக் கொறயும். அவனுக்கு இன்னும் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு அதப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும்."

"ஓஹோ."

"சின்ன வயசுலேர்ந்து பழக்கம் மாஸ்டர். நாளைக்குள்ள மாத்திக்கறேன்."

"உனக்குக் கோடு கெடயாதா?"

"இருக்கு. இடது மூலையில."

"அது கொறயாதா?"

"கொறயும் மாஸ்டர்."

மாஸ்டர் போனை அவன் கையில் கொடுத்தார். சுவரில் சாய்ந்து, கெட்டுப்போன முழங்காலை நீட்டி உட்கார்ந்தார். குழாய்ப் பக்கம் நிக்சன் காயத்தில் தண்ணீர் பட்டு எரிச்சலில் உஸ்ஸென்றது கேட்டது.

"மொதல்லேர்ந்து போடு. உன் கோட்ட நீ பாத்த எடம் ஒண்ணே ஒண்ணு காட்டு. காட்டினா நாளைக்கு நீதான் டோரு."

வேந்தன் முதலிலிருந்து போட்டான். முழுவதும் ஓடி முடிந்தது, கண் ஒரு தடவைகூட இடது மூலைக்குப் போகவில்லை. அவன் மறுபடி முதலுக்குத் தள்ளினான். அதுவும் ஓடி முடிந்தது.

"இன்னொரு வாட்டி போடு," என்றார் மாஸ்டர். "அவசரம் ஒண்ணும் இல்ல."

வேந்தன் போடவில்லை. இடது கையைக் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்க்க ஆரம்பித்தான்.