பெருக்காயிக்கு அடங்காத ஊசி

கல்லுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மனிதர் ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் ஒரு பெருக்காயி குடியிருந்தாள், தன் சுற்றத்தாரோடு. கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவள். கை கால் கிடையாது, உடம்பே வாய்தான். மூச்சோடு மண் வந்தாலும் புகை வந்தாலும் மாவுத்தூள் வந்தாலும் முழுசாக விழுங்கிவிடுவாள். அவள் வயிற்றுப் புளிச்சாற்றில் கரைவது கரையும். கரையாததைச் சுமந்துகொண்டு போய்த் தொண்டைப் படியில் ஏற்றிச் சளியோடு வெளியே தள்ளிவிடுவாள். அவள் குலத்துக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. வாயில் வைத்ததைப் பாதியில் விடக் கூடாது.

பொம்மக்காவின் நெஞ்சில் இருந்த பெருக்காயிக்குத்தான் சோதனை வந்தது. பொம்மக்கா மலையடிவாரக் குழியில் கல்நார் இடிக்கிறவள். அந்தக் கல்லை உலக்கையால் இடித்தால் பஞ்சுபோல் பிரியும். பிரிந்த நாரை முறுக்கினால் எரிந்து தீராத விளக்குத்திரி. ஊரே அந்தத் திரியைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அதன் தூசியை யார் வாருவது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

"ஏ பொம்மக்கா, மூக்குல துணியைக் கட்டு, கல்லுல தண்ணியைத் தெளின்னு எத்தனை தடவைதான் சொல்றது? என் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு!" என்று உள்ளேயிருந்து கத்துவாள் பெருக்காயி.

"துணி கட்டினா மூச்சு முட்டுது தாயி. தண்ணி தெளிச்சா நாரு ஒட்டிக்குதுன்னு மேஸ்திரி வையுறாரு. நீதான் இருக்கியே, பெருக்கிடேன்" என்பாள் பொம்மக்கா.

"நல்லா இருக்குடி நியாயம்! நீ கொட்டிக்கிட்டே இருப்பே, நான் வாரிக்கிட்டே இருக்கணும்."

முதலில் வந்தவள் சுருள்நார், பச்சைக்கல்லின் மகள். அவள் உடம்பு இரண்டு அடுக்கு. ஓர் அடுக்கு அகலம், இன்னொன்று குறுகல். அளவு பொருந்தாததால் பாயைச் சுருட்டினாற்போல் சுருண்டே பிறந்தவள். பெருக்காயி மாதக்கணக்கில் சப்பிச் சப்பி, புளிச்சாற்றில் ஊறவைத்து, துண்டுதுண்டாக வெளியேற்றினாள். அவளும் சும்மா போகவில்லை, போகிற வழியெல்லாம் சுவரைக் கீறிவிட்டுத்தான் போனாள். அதற்கே பெருக்காயிக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

பின்னால் வந்தாள் ஊசிநார், நீலக்கல்லின் மகள். மணலோடு இரும்பையும் தின்று வளர்ந்தவள், வளையத் தெரியாதவள். ஒரு தலைமுடியை நூறாகக் கீறினாலும் அவள் மெலிவு வராது. நீளமோ பெருக்காயியைவிட அதிகம். மூக்கு முடியில் சிக்காமல், எந்த வளைவிலும் முட்டாமல், நேரே மூச்சின் கடைசி அறைக்கே வந்து படுத்துக்கொண்டாள். அந்த அறைக்குப் படிக்கட்டே கிடையாது.

"எழுந்திரு, போகலாம்" என்றாள் பெருக்காயி.

"நான் எங்க போறது? தீ என்னைச் சுடாது, தண்ணி என்னைக் கரைக்காது. நான் பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கேன். உனக்கு என்ன இடைஞ்சல்?"

பெருக்காயிக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்து கபக்கென்று விழுங்கினாள். பாதிதான் உள்ளே போயிற்று, மீதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வாயை மூட முடியவில்லை. கட்டுப்பாடு இருக்கிறதே, துப்பவும் முடியவில்லை. சரி, கடித்துத் துண்டாக்கலாம் என்று கடித்தாள். குறுக்கே உடைந்தால்தானே! நெடுக்காகப் பிளந்து இரண்டு ஊசியாயிற்று. இன்னொரு கடி, நான்காயிற்று. நீளம் மட்டும் இம்மியும் குறையவில்லை. இவளோடு மல்லுக்கட்டுவதும் ஒன்று, பாறையில் தலையை முட்டிக்கொள்வதும் ஒன்று.

உதவிக்குச் சுற்றத்தார் ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு ஊசியைக் கவ்வி, ஆளுக்கொரு பக்கம் வாய் பிளந்து நின்றார்கள். திறந்த வாய்களிலிருந்து புளிச்சாறு வழிந்து அறைச் சுவரைப் புண்ணாக்கியது. புண்ணான இடம் ஆறும், ஆறிய இடம் காய்ந்த தோல்போல் இறுகும். காப்பாற்ற வந்தவர்களே வீட்டைக் கெடுத்தார்கள். அது பெருக்காயிக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்து என்ன செய்ய?

வருஷங்கள் போயின. பொம்மக்காவால் நாலு எட்டு நடக்க முடியவில்லை. வைத்தியர் வந்து நாடி பிடித்துவிட்டு, "அடுப்புப் புகைதான். கஷாயம் குடி, சரியாப் போயிடும்" என்றார்.

ஊசியைக் கவ்விய வாயோடு பெருக்காயி உள்ளே கொதித்தாள். அடுப்புப் புகையாம்! புகையை அவள் எத்தனை மூட்டை விழுங்கியிருப்பாள்!

வைத்தியர் போனதும் பொம்மக்கா சுவரில் சாய்ந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு மெல்லச் சொன்னாள். "தாயி, நீ சொன்னதைக் கேக்காம போனேன். என் கதை முடிஞ்சுது, விடு. என் தங்கச்சி நாகி அதே குழிக்கு வேலைக்குப் போகப் போறா. அடுப்புதான் காரணம்னு இவரு சொல்லிட்டாரு. இல்லைன்னு நான் சொன்னா யாரு நம்புவா? அத்தாட்சி என்ன இருக்கு?"

அந்தக் கேள்வி பெருக்காயியைத் தைத்தது. ஊசி இவ்வளவு காலம் குத்தியும் அப்படி வலித்ததில்லை. குலம் தோன்றிய நாள்முதல் ஒருத்தியும் செய்யாததைச் செய்தாள். கவ்வியதைப் பாதியில் விட்டாள்.

"அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றாள் ஊசிநார்.

"வாயை மூடுடி. உன்னை விழுங்க முடியல, ஒத்துக்கறேன். ஆனா உன்னை ஒளிஞ்சிருக்க விடமாட்டேன்."

பொம்மக்காவின் இரத்தத்திலிருந்து இரும்பைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். ஊசியின் உடம்பெங்கும் துருவாக, மணிமணியாக அப்பினாள். இரண்டு முனைகளிலும் இன்னும் கனமாக உருட்டி வைத்தாள். ஆயிரம் ஊசிகளில் ஒன்றிரண்டுக்குத்தான் அவளால் பூச முடிந்தது. அதற்குள் பொம்மக்காவின் மூச்சு நின்றுவிட்டது.

அந்தக் காலத்தில் அதைப் பார்க்கிற கண் எவருக்கும் இல்லை. நாகி அதே குழிக்குத்தான் போனாள். நாகியின் நெஞ்சிலிருந்த பெருக்காயியும் கத்திப் பார்த்தாள், விழுங்கிப் பார்த்தாள், கடைசியில் அவளும் ஊசிக்குத் துருவை அப்பினாள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், கல்நார் இடித்தவர் நெஞ்சில் சில ஊசிகள் துருநிறப் பாசிமணி கோத்தாற்போல் கிடப்பது. நுண்ணோக்கியில் அதைக் கண்டவர்கள் இன்று அடுப்பைப் பற்றிப் பேசுவதில்லை. "இவங்க எந்தக் குழியில வேலை பார்த்தாங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.