ஒட்டடைக்கோல் தூண்டில்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றை நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டார். காலையில் கொடுத்த பதவியை மாலையில் பிடுங்குகிற ஆள். ஆனால் எட்டு வயது மகன் நம்பியின் மேல் உயிரையே வைத்திருந்தார். அந்தப் பிள்ளை அரண்மனைக் குளத்தில் தூண்டில் போடப் போய், தவறி விழுந்து இறந்துபோனான். குதித்துத் தூக்கி வந்தவன் மீனவன் சடையன்.

காவலுக்கு நின்றிருக்க வேண்டிய தளபதி கனகசிங்கன் அப்போது மரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தன் தலை தப்பினால் போதுமென்று, "பிரபு, இளவரசருக்குத் தூண்டில் கொடுத்தவன் இந்தச் சடையன்தான். என் கண்ணால் பார்த்தேன்!" என்று சாதித்தான். ராஜாவுக்கோ துக்கத்தை யார் மேலாவது கொட்டியாக வேண்டும்.

"கொடுத்தவன் தலையை எடுங்கள்!" என்றார்.

"சாட்சியிடம் ஒரே ஒரு கேள்வி, மகாராஜா" என்று எழுந்தார் அமைச்சர் திருமலையப்பர். அவரைக் கண்டாலே தளபதிக்கு வயிறு எரியும். அமைச்சர் சபை நடுவே இரண்டு தூண்டில்களை வைத்தார். ஒன்று வழவழப்பான மூங்கில். இன்னொன்று உடைந்த ஒட்டடைக்கோல்.

"தளபதியாரே, சடையன் கொடுத்தது எது?"

"இந்தக் குப்பையைக் காட்டி என்னை மடக்கப் பார்க்கிறீரா? மூங்கில்தான்!"

"அது இன்று காலை நான் சந்தையில் வாங்கியது. இளவரசர் கையிலிருந்து மகாராணி பிரித்தெடுத்தது அந்தக் குப்பையைத்தான்."

வேறொரு நாளாக இருந்தால் சபை சிரித்திருக்கும்.

ராஜா ஒட்டடைக்கோலைக் கையில் எடுத்தார். மகாராணியின் தையல் ஊசியை விளக்கில் காய்ச்சி வளைத்த முள். மிதப்புக்கு விசிறியிலிருந்து பிடுங்கிய மயிலிறகுக் காம்பு. கனத்துக்குச் சதங்கை மணி. நூலைத் தொட்டுப் பார்த்தார். அது அவருடைய தலைப்பாகைப் பட்டு. போன வாரம் தலைப்பாகை பிரிந்திருப்பதைப் பார்த்து வேலைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, நம்பி வந்து, "அப்பா, குளத்துக்கு வர்றீங்களா?" என்று கேட்டான். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"கொடுத்தவன் தலையை எடுக்கச் சொன்னேனே, திருமலையப்பரே. நூல் கொடுத்தவன் நானல்லவா?"

அமைச்சர் போய்ச் சடையனின் கட்டுகளை அவிழ்த்தார்.

தளபதியின் வாளைப் பிடுங்கி, சபையை விட்டே விரட்டினார்கள். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினார். பிறகு, சடையனின் அருகே போய், மெதுவாகக் கேட்டார்.

"சடையா, பிள்ளை ஏதாவது பிடித்திருந்தானா?"

"ஒரு கெண்டைங்க, மகாராஜா. விரல் நீளந்தான். முள்ளுல துடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான்தான் கழட்டி விட்டேன்."

"பிடித்துவிட்டானா!" என்று ராஜாவின் முகம் பெருமையில் மலர்ந்தது. அடுத்த கணமே அத்தனை பேர் முன்னிலையிலும் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.